கார்கோ பைலட் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறீர்களா?

பயணிகள் இல்லாத விமானம்தானே, பொறுப்பு கொஞ்சம் குறைவு என்ற எண்ணத்தோடு கார்கோ நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்கு வரும் இளம் பைலட்டுகள் இன்னும் இருக்கிறார்கள். "ஏன் கார்கோ?" என்பதுதான் அநேகமாக முதல் கேள்வி. அதற்கே பலர் தடுமாறுகிறார்கள். பெரிய ஏர்லைனில் இடம் கிடைக்கும்வரை இங்கே பறக்கும் மணிநேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் மனதில் இருக்கும் பதில், அதைச் சொல்லவும் முடியாது, மறைக்கவும் வராது. இது என்ன மாதிரி வேலை, நமக்கு ஒத்துவருமா என்று முன்பே யோசித்துவிட்டு வந்தால் இந்தத் தடுமாற்றம் வராது.

முதலில், இது ராத்திரி வேலை. மாலையில் சேர்ந்த பார்சல் விடிவதற்குள் அடுத்த ஊரில் இறங்கியாக வேண்டும். சென்னையைத் தளமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் ஆகட்டும், அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ஃபெடெக்ஸ், லூயிவில்லில் யுபிஎஸ், ஜெர்மனியின் லைப்ஸிக்கில் டிஎச்எல் ஆகட்டும், ஊர் உறங்கும்போதுதான் இங்கே ஓடுதளம் சுறுசுறுப்பாகும். அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் என்று விமானப் பணிநேர விதிகளே சொல்கின்றன, நாம் தரையிறங்குவதோ பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

2013 ஆகஸ்ட் 14 அன்று விடிவதற்கு முன், லூயிவில்லிலிருந்து வந்த யுபிஎஸ் 1354 சரக்கு விமானம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே தரையில் மோதியது. நீளமான ஓடுபாதை விளக்கு வேலைக்காக மூடியிருந்ததால் குட்டையான ஓடுபாதையில், இறங்குசரிவைக் காட்டும் கருவி இல்லாத அணுகுமுறையில் (ஓடுபாதையை நெருங்கி இறங்கும் முறையில்) இறங்க வேண்டியிருந்தது. விமானக் கணினியில் அந்த அணுகுமுறை சரியாக அமைக்கப்படவில்லை, குறைந்துகொண்டே போன உயரத்தை இருவரும் கவனிக்கவில்லை. கேப்டன், ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை பைலட்) இருவருமே இறந்துபோனார்கள். அன்றைய பறப்பில் அவர்கள் தங்கள் களைப்பைப் பற்றியும் ஓய்வு விதிகளைப் பற்றியும் பேசிக்கொண்டது காக்பிட் குரல் பதிவில் இருக்கிறது. அமெரிக்காவில் 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய ஓய்வு விதி பயணிகள் விமானங்களுக்கு மட்டும்தான், கார்கோவுக்கு விலக்கு. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை, பின்னால் இருப்பது பயணியா பெட்டியா என்று பார்த்தா தூக்கம் வரும்?

அதே விசாரணை இன்னொன்றையும் சொன்னது: ஃபர்ஸ்ட் ஆபீசர் தனக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தைத் தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை. அதனால்தான் "பகலில் எப்படித் தூங்குவீர்கள்?" என்ற கேள்வி சும்மா கேட்கப்படுவதில்லை. நம் வீடுகளில் பகலில் தூங்குகிறவர்களைச் சோம்பேறி என்றுதான் பார்ப்பார்கள், காலிங் பெல் அடிக்கும், சொந்தக்காரர்கள் வருவார்கள், கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு வா என்பார்கள். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு வந்தவர்களின் பதில் தனியாகத் தெரியும். "இரண்டாவது செக்டருக்கு (அன்றைய இரண்டாவது பறப்புக்கு) முன் கண் சொருகுகிறது, லோடு ஏற்றியாகிவிட்டது, என்ன செய்வீர்கள்?" என்றால், பறக்கத் தகுதியாக இல்லை என்று சொல்லிவிடுவேன் என்பதே பதில். காபி குடித்துச் சமாளிப்பேன் என்பது வீரம் அல்ல.

அப்புறம் சரக்கு. உங்கள் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பறக்கக் கூடாது. அபாயகரமான சரக்கைப் பற்றிக் கேப்டனுக்கு எழுத்தில் தரும் அறிவிப்பை நோட்டாக் என்போம், அதை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரா, படிக்கிறவரா என்பதை இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கொலோனுக்குக் கிளம்பிய யுபிஎஸ் 6, ஒரு 747 சரக்கு விமானம். லித்தியம் பேட்டரிகள் இருந்த பகுதியில் தீ, காக்பிட் முழுக்கப் புகை, கேப்டனுக்கு ஆக்சிஜன் வரவில்லை, ஃபர்ஸ்ட் ஆபீசர் தனியாக, மானிகளைக்கூடப் பார்க்க முடியாமல், மற்ற விமானங்கள் வழியாகத் தகவல் கேட்டுக்கொண்டே துபாய்க்குத் திரும்பப் பார்த்தார். இருவருமே பிழைக்கவில்லை. இத்தகைய விமானங்களின் மேல் தளத்தில் தீயணைக்கும் வாயு கிடையாது, காற்றோட்டத்தை நிறுத்தி, கேபின் அழுத்தத்தைக் குறைத்து, ஆக்சிஜன் இல்லாமல் தீயை அடக்குவதுதான் முறை. இதன் விளைவு என்ன, எப்போது உயரத்தை விட்டு இறங்குவீர்கள் என்று கேட்டால் மனப்பாடம் உதவாது. 2016 ஏப்ரல் முதல் லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள், விமானத்தில் வருவதாக இருந்தால் அது நம் விமானத்தில்தான்.

சரக்கைக் கட்டும் வேலையும் அப்படித்தான். 2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பக்ராம், நேஷனல் ஏர்லைன்ஸின் 747. கட்டியிருந்த ராணுவ வாகனம் கிளம்பும்போதே பின்னால் நகர்ந்து ஹைட்ராலிக் அமைப்புகளையும் வால்பகுதி இயக்கத்தையும் உடைத்துவிட்டது, ஏழு பேரும் இறந்தார்கள். சரக்கு ஏற்றுவதைக் கவனிக்கும் லோட்மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், நேரம் இருந்தால் பின்னால் போய் ஸ்ட்ராப்பையும் பூட்டையும் நீங்களே பாருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது பயிற்சிப் பதிவுகளைப் பற்றி. 2019 பிப்ரவரி 23 அன்று அமேசானுக்காகப் பறந்த அட்லஸ் ஏர் 3591 டெக்சாஸில் விழுந்தது. இறங்கும்போது ஃபர்ஸ்ட் ஆபீசர் தெரியாமல் கோ-அரவுண்ட் விசையை (இறங்காமல் மீண்டும் மேலே போவதற்கானதை) இயக்கிவிட்டார், திடீர் முடுக்கத்தில் மூக்கு மேலே போவதாகத் தோன்றியதும் கீழே தள்ளினார். மூன்று பேர் இறந்தார்கள். முந்தைய நிறுவனங்களில் முடிக்காமல் விட்ட பயிற்சிகள் சிலவற்றை அவர் விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. 2021-ல் அமெரிக்கா பைலட்டுகளின் பதிவுகளுக்கான பொதுத் தரவுத்தள விதியை வெளியிட்டது. உங்களிடம் ஃபெயிலான செக் (திறன் சோதனை) இருந்தால் முதலில் நீங்களே சொல்லுங்கள், ஏன் நடந்தது, எந்தப் பயிற்சிக்குப் பிறகு சரியானது என்பதோடு. ஒரு ஃபெயிலுக்காக யாரும் வெளியே அனுப்புவதில்லை. லாக் புக்கில் கூட்டி எழுதிய ஒரு மணிநேரத்துக்கு மன்னிப்பே கிடையாது.

சிமுலேட்டர் சோதனையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கைவண்ணத்தைக் காட்ட முயலாதீர்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள், கால்அவுட்டுகளை (உரக்கச் சொல்ல வேண்டிய அறிவிப்புகளை) விடாதீர்கள்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளத்தில் ஆரம்பிக்காதீர்கள், இவற்றைக் கேளுங்கள்: தொடர்ந்து எத்தனை இரவு ரோஸ்டர் (பணி அட்டவணை) வரும், களைப்பு என்று சொன்னால் யாரிடம் எப்படிப் பதிவாகும், பகலில் தூங்க இருட்டான, சத்தமில்லாத அறை தருவீர்களா, பயிற்சி பாண்டில் (பயிற்சிக்காக எழுதித்தரும் ஒப்பந்தத்தில்) இடையில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால், ஆஃபர் கையில் இருந்தாலும் பாண்டை வக்கீலிடம் காட்டிவிட்டு, அங்கே இப்போது பறக்கும் ஒருவரிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.