சாக்ரடீஸ் எந்த ஒருமைப்பாட்டுக்காகச் செத்தார்?

இலங்கை மலையகத்தில், அட்டனில் ஒரு பயிற்சி வகுப்பு. கையில் தந்த தமிழ்க் கையேட்டில், 'சாக்ரடீஸ் தமது ஒருமைப்பாட்டுக்காக உயிர் துறந்தார்' என்று அச்சாகியிருந்தது. 'இன்டெக்ரிட்டி' (integrity) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக 'ஒருமைப்பாடு' என்பதை நான் பார்ப்பது இது எத்தனையாவது தடவையோ.

இன்டெக்ரிட்டியின் வேர் லத்தீனில் 'இன்டெகர்'. தொடப்படாதது, குறைபடாதது, முழுசாக இருப்பது என்று பொருள். அவ்வளவுதான்.

ஒருமைப்பாடு என்றால் பல சேர்ந்து ஒன்றாவது. தேசிய ஒருமைப்பாடு என்றால் சரி. தனி மனிதருக்கு அது எப்படிப் பொருந்தும்? கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றம் சாக்ரடீசுக்கு மரண தண்டனை விதித்தது. தப்பிப்போக நண்பர் கிரிட்டோ வழி செய்தும் அவர் மறுத்து நஞ்சைக் குடித்தார். கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஊரோடு ஒத்துப்போயிருந்தால் பிழைத்திருப்பார். ஒருமைப்படாமல் நின்றவருக்கா ஒருமைப்பாடு? சொற்பட்டியலில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டு வாசிப்பதில்லை. தமிழில் மட்டும் படித்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அந்த வரி விளங்காமல், தனக்குத்தான் அறிவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

'நேர்மை' போதாதா என்பார்கள். நல்ல சொல், பாதி தூரம் வரும். பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் நிறுவையில் ஏமாற்றாத கணக்கப்பிள்ளை நேர்மையானவர். கிலோவைக் குறைத்துப் போடு என்று மேலிடம் சொல்லி, முடியாது என்றதால் வேலையும் வீடும் போனாலும் அதே சொல்லில் நிற்கிறாரே, அதற்கு இன்னொரு சொல் வேண்டும்.

குறளிலேயே இருக்கிறது: 'நிலையின் திரியாது அடங்கியான் தோற்றம் மலையினும் மாணப் பெரிது.' நிலை திரியாமை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் திரிவது என்ன என்று சொல்வார். காலையில் காய்ச்சிய பால் மத்தியானம் திரிந்துபோகும். பால் பாலாகவே இருப்பதுதான் திரியாமை. லத்தீன் சொல்லின் 'குறைபடாதது' அப்படியே இதில் இருக்கிறது.

எதிர்மறைச் சொல்லாக இருக்கிறதே என்றார் கூட இருந்த ஒரு ஆசிரியர். இன்டெகரும் 'தொடப்படாதது' என்ற எதிர்மறைதான். அப்புறம், கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை என்று அதிகாரங்களுக்கே பெயர் இருக்கும் மொழியில் திரியாமைக்கு மட்டும் என்ன தடை?