முறிப்பணியாள்: வர்ஜீனியாவில் கொத்தடிமைக்கு என்ன வேலை?

அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'இன்டென்ச்சர்டு சர்வென்ட்' (கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டு உழைக்கப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்) என்ற சொல் வந்தாலே 'கொத்தடிமை' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். வர்ஜீனியாவின் ஆங்கிலேயக் குடியேற்றமான ஜேம்ஸ்டவுன் பற்றிய கட்டுரையோ, போட்டித்தேர்வுக் குறிப்போ, எதை எடுத்தாலும் இதே கதைதான்.

மூலச் சொல்லின் பிறப்பு எளிது. 'இன்டென்ச்சர்' என்ற பத்திரப் பெயருக்குள் இருப்பது இலத்தீன் 'டென்ஸ்', அதாவது பல். ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டும் பொருந்த வேண்டும்.

கொத்தடிமையில் உள்ள 'கொத்து' குலையைக் குறிப்பது. குடும்பமே கொத்தாக அடிமைப்படுவது அது. கடன் தீராது, தவணை கிடையாது, அப்பன் பட்டது பிள்ளை தலையில் விடியும். 1976-இல் இந்தியா சட்டம் போட்டு ஒழித்தது இந்த முறையைத்தான். 17-ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் நடந்தது வேறு. கப்பல் கட்டணத்துக்கு வழியில்லாத ஆங்கிலேய இளைஞன் பெரும்பாலும் 4 முதல் 7 ஆண்டுக்குக் கையெழுத்திடுவான். கப்பல்காரர் அந்தப் பத்திரத்தை அக்கரையில் புகையிலைத் தோட்டக்காரரிடம் விற்றுவிடுவார். மாதச் சம்பளம் இல்லை. சோறு, துணி, படுக்க இடம், அவ்வளவுதான். எசமான் அடிக்கலாம், பத்திரத்தைக் கைமாற்றலாம். ஓடிப்போனாலோ, பெண் கர்ப்பமானாலோ தவணை நீளும். தவணை முடியுமுன் காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். கொடுமைக்குக் குறைவில்லை. ஆனால் பிழைத்துக் கிடந்து தவணையை முடித்தவருக்கு விடுதலை உண்டு, கையில் பொருளும் உண்டு. 1705 சட்டப்படி ஆணுக்கு 10 புஷல் (தானிய அளவு) மக்காச்சோளம், 30 ஷில்லிங், 20 ஷில்லிங் பெறுமான துப்பாக்கி ஒன்று. பெண்ணுக்கு 15 புஷல், 40 ஷில்லிங். துப்பாக்கி கொடுத்து வழியனுப்பப்பட்ட கொத்தடிமையை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்?

சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1640 வழக்கு ஒன்று போதும். வர்ஜீனியாவிலிருந்து மேரிலாந்துக்கு ஓடிய மூவர் பிடிபட்டார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர். மூவருக்கும் 30 கசையடி. வெள்ளையர் இருவருக்கும் தலா 4 ஆண்டு கூடுதல் பணி. பஞ்சுக்கு ஆயுள் முழுக்க ஊழியம். 1662-இல் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டமே வந்தது. கொத்து என்ற சொல் பொருந்துமானால் அதற்குப் பிந்தைய ஆப்பிரிக்கருக்குத்தான் பொருந்தும். இரு சாராரையும் ஒரே சொல்லில் அடைத்தால், 'வெள்ளைக்காரனும் அடிமையாகத்தான் போனான்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பிதற்றலுக்கு மொழிபெயர்ப்பாளரே முட்டுக் கொடுத்த மாதிரி ஆகிறது.

'ஒப்பந்தத் தொழிலாளர்' என்பதும் சரிப்படாது. மாநகராட்சியிலும் மின்வாரியத்திலும் இன்று பணிநிரந்தரம் கேட்டுப் போராடுகிறவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 'ஒப்பந்தக் கூலி' தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் பொருந்தும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து போனவர்களுக்கு தவணை குறித்த ஒப்பந்தமும் மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிய கூலியும் இருந்தன. வர்ஜீனியாவில் கூலி ஏது? தூய தமிழ் அன்பர்கள் அடிமைப் பத்திரத்தைக் குறிக்கும் 'ஆளோலை'யை நீட்டலாம். சுந்தரரை வழக்கில் இழுத்த அந்த ஓலை அவரோடு அவர் வழிவந்தோரையும் சேர்த்தே பிணைத்தது. மறுபடியும் கொத்துதான்.

நம்மிடம் 'முறி' இருக்கிறது. பத்திரம் என்றும் பொருள், துண்டு என்றும் பொருள். வெட்டிய பத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? இலங்கையில் கடன்பத்திரத்தைக் குறிக்கும் பிணைமுறி இன்றும் செய்தித்தாள் சொல். ஆகவே இன்டென்ச்சர் 'பணிமுறி', அதில் கட்டுண்டவர் 'முறிப்பணியாள்'.

ஒரு எச்சரிக்கை. 18-ஆம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்த ஜெர்மானியர் பலர் முறி எழுதாமலே கப்பலேறியவர்கள். கரை சேர்ந்த பிறகு, கட்டணத்தை யாராவது கட்டி மீட்டால் தப்பினார்கள். இல்லையென்றால் அங்கேயே முறி எழுதி விற்கப்பட்டார்கள். கரையில் முறி எழுதும்வரை அவர்கள் 'மீட்புப் பயணிகள்'தான்.