விமானி பயிற்சிக்குக் கல்விக் கடன்: 7.5 லட்சத்துக்கு மேல் போனால்?

விமானி பயிற்சிக்கு வங்கியில் கல்விக் கடன் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்கும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த உள்நாட்டு விமானி பயிற்சியும் சேர்த்தி. சிக்கல் தொகையில்தான்.

சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவின் பெரும்பகுதி இதற்கே. உத்தரப் பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி பயிற்சி நிறுவனத்திலேயே கட்டணம் 45 லட்சம் வாக்கில் வருகிறது. அரசு மருத்துவக் கல்லூரியில் படிப்புச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்கிறது. இங்கே அந்தப் பேச்சே இல்லை.

7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி துணை நிற்பதால் அடமானம் வேண்டாம். பொறியியல் மாணவர் பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்தோடு காரியத்தை முடித்துவிடுவார். கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்து காட்ட வேண்டும்: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டு அறிக்கை. விவசாய நிலம் என்றால் பல கிளைகளில் தயங்குவார்கள். கூடவே 5 சதவீதம் கைப்பணமும் போட வேண்டும். ஆக, சொத்து இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் திட்டம் பெயரளவில்தான்.

தவணை, படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு தொடங்கும். 45 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, 15 ஆண்டு என்று வைத்தால் மாதம் சுமார் 48,000 ரூபாய். இதே கணக்கில் 7.5 லட்சத்துக்கு 8,000 சொச்சம். தவணை தொடங்கும் வரை சேரும் வட்டி தனி.

கேப்டன் ஆனால் மாதச் சம்பளம் பல லட்சம், உண்மைதான். ஆனால் உரிமம் கையில் வந்த அன்றே வேலை வராது. ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, அதாவது டைப் ரேட்டிங் வேண்டும். அதற்குப் பல லட்சம். முதல் கடனைக் கேட்கும்போதே இதையும் பேசிவிடுங்கள். அப்புறம் கேப்டன் இருக்கைக்கு ஏடிபிஎல் எனப்படும் அடுத்த நிலை விமானி உரிமம்; அதற்கு 1,500 மணி நேரப் பறப்பு. தவணை அதுவரை காத்திருக்காது.

வருமான வரியில் 80இ பிரிவின்படி வட்டி முழுவதையும் 8 ஆண்டு வரை கழிக்கலாம், பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

இன்னொன்று: முன்பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவத் தகுதிச் சான்றை வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் சிபிஎல் கிடைக்காது.