பேசும்போது கேட்காத கருவி

கடலூர் துறைமுகத்திலிருந்து ஒருமுறை ஃபைபர் படகில் கடலுக்குப் போயிருந்தேன். முகத்துவாரம் தாண்டியதும் படகோட்டி தன் வாக்கி டாக்கியை எடுத்தார். உப்புத் தண்ணீர் படாமலிருக்க அதைப் பாலிதீன் பையில் போட்டு, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தார். பையைப் பிரிக்கவில்லை. மேலேயே பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டு, "தம்பி, வலை எந்தப் பக்கம்? ஓவர்" என்றார். பொத்தானை விட்டார். ஒரு கணம் இரைச்சல். பிறகு, கண்ணுக்கே தெரியாத இன்னொரு படகிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

செல்போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாமே, இதில் ஏன் முடியாது? காரணம் எளிமையானது. இரண்டு படகுகளும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. அனுப்புவதும் வாங்குவதும் ஒரே ஆன்டெனா. அனுப்பும்போது கருவி 5 வாட் வரை கொட்டுகிறது. வாங்கும்போது அதன் காதுக்கு வந்து சேர்வதோ, ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். தவில் அடித்துக்கொண்டே கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க யாரால் முடியும்? அதனால்தான் பொத்தானை அழுத்தியதும் கருவி தன் காதை மூடிக்கொள்கிறது. 'ஓவர்' என்ற சொல், "என் காதைத் திறந்துவிட்டேன், இனி நீ பேசு" என்ற அறிவிப்பு.

கம்பியில்லாமல் வானொலி அலையில் மனிதக் குரல் முதலில் பயணித்தது 1900 டிசம்பரில். அமெரிக்காவின் மேரிலாந்தில், ரெஜினால்டு ஃபெசண்டன் ஆன்டெனாவுக்குப் போகும் பாதையில் கார்பன் மைக்கை வைத்துப் பேசினார். குரலுக்கு ஏற்ப அலையின் வலிமை கூடிக் குறைந்தது. 1.6 கிலோமீட்டர் தொலைவிலிருந்த உதவியாளரிடம் அவர் கேட்டது, அங்கே பனி பெய்கிறதா என்பதைத்தான்.

அந்தக் குரல் மனிதனின் கைக்குள் அடங்க நாற்பது ஆண்டுகள் ஆயின. கனடாவில் டொனால்டு ஹிங்ஸும் அமெரிக்காவில் ஆல் கிராஸும் 1930களின் பிற்பகுதியில் தனித்தனியாக முயன்றார்கள். இரண்டாம் உலகப் போர்தான் வேகம் கொடுத்தது. பின்னாளில் மோட்டோரோலா என்று பெயர் மாறிய நிறுவனம் செய்த எஸ்.சி.ஆர்.-536 எனக்கு மிகவும் பிடித்த கருவி. செங்கலை நீட்டிவிட்டது போன்ற உருவம், 2.3 கிலோ எடை, உள்ளே ஐந்து வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய வெற்றிடக் குழாய்கள்). தனியாகச் சுவிட்ச் கிடையாது. ஆன்டெனாவை வெளியே இழுத்தால் கருவி உயிர்பெறும். குண்டு விழும் இடத்தில் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா!

ஆனால் அது எட்டிய தூரம் குறைவு. 3.5 முதல் 6 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்தது. அந்த அலைகளின் நீளம் 50 முதல் 86 மீட்டர். நன்றாக அனுப்ப, அலைநீளத்தில் கால் பங்காவது ஆன்டெனா வேண்டும். கையில் பிடிக்கும் கருவிக்கு இருந்ததோ ஏறத்தாழ ஒரு மீட்டர். தரையில் ஒன்றரை கிலோமீட்டர்தான் கேட்டது. கடல் மேல் ஐந்து கிலோமீட்டர் வரை கேட்டது! உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அதை ஒட்டிப் போகும் இத்தகைய நீண்ட அலைகள் அங்கே அதிகம் தேய்வதில்லை.

இன்றைய கடல் வயர்லெஸ் வேறு வகை; வி.எச்.எஃப். எனப்படும் குறுகிய அலைகளில் பேசுவது. 156 மெகாஹெர்ட்ஸுக்கு அருகே அலைநீளம் இரண்டு மீட்டருக்கும் குறைவு; கால் பங்கு அரை மீட்டர்கூட இல்லை. ஆகவே சின்ன ஆன்டெனா போதும். இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. தேவனாம்பட்டினம் கரையில் நின்று பாருங்கள்: போகிற படகின் உடல் முதலில் மறையும், கொடிக்கம்பம் கடைசியில் மறையும். வானொலிக்கும் அப்படியொரு தொடுவானம் உண்டு, கண்ணுக்கு உள்ளதைவிடச் சற்றே தள்ளி. நான்கு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரு படகுகள் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வரை பேசலாம். கரையில் 36 மீட்டர்க் கோபுரம் இருந்தால், படகோடு 33 கிலோமீட்டர் வரை. வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவது பலன் தருவது இதனால்தான்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 536-இல் குரல், வானொலி அலையின் உயரத்தில், அதாவது வலிமையில், ஏறியது. மின்னலும் அதே உயரத்தைத்தான் கலைக்கும், அதனால் கரகரப்பு. வாக்கி டாக்கி என்று பரவலாக அழைக்கப்பட்ட, முதுகில் சுமந்த எஸ்.சி.ஆர்.-300 எஃப்.எம். முறையில் பேசியது. அதில் குரல் அதிர்வெண்ணின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. வாங்கும் கருவி உயரத்தைச் சமமாக வெட்டிவிடும். இரைச்சலின் பெரும்பகுதி அதோடு போய்விடும். நம் படகுகளில் இருப்பதும் எஃப்.எம்.தான்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, தலைமை மையம் இருந்த வில்லியனூரோடு அவற்றை இணைக்க இதே வி.எச்.எஃப். அலைகளும் உதவின. வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு மீனவர்கள் கடலுக்குப் போனார்கள்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன்கள் ஊமையாயின. பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் செல்போன் குரல் கோபுரம் போய்த்தான் திரும்ப வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். வாக்கி டாக்கிக்கு நடுவில் யாரும் தேவையில்லை. மின்கலத்தில் உயிர் இருக்கும்வரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு நேராகப் போகும்.

கரை திரும்பும்போது படகோட்டி பையோடு திருகி, கருவியை 16-ஆம் சேனலுக்கு மாற்றினார். அது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்தில் இருப்பவர் கூப்பிட உலகெங்கும் ஒதுக்கப்பட்ட சேனல். பொத்தானைத் தொடாமல், கருவியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.