ஈரக் காட்டில் இறங்கும் ஜிப்சி

போன ஐப்பசியில் கோபிசெட்டிபாளையத்துக்கு மேற்கே எங்கள் மஞ்சள் காட்டுக்கு உர மூட்டை ஏற்றிப் போனோம். கீழ்பவானி வாய்க்கால் கசிவு ஊறுகிற ஓரத்தில் எங்கள் பழைய மாருதி ஜிப்சி ஜீப் நின்றுவிட்டது. நான்கு சக்கரமும் இயங்கும்படி கியர் போட்டுத்தான் இருந்தது. மச்சான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டே கீழே போனது. அரை நிமிடத்தில் அச்சு மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வரப்பில் நின்று பார்த்தார். "கண்ணு, முடுக்காதே. காத்தைப் பாதி எறக்கி உடு. சக்கரத்துக்கு முன்னால மண்ணைப் பறிச்சுத் தென்னமட்டையப் போடு." வேப்பங்குச்சியால் வால்வின் நடு ஊசியை அழுத்தி நான்கு டயரிலும் காற்றை இறக்கினோம். முதல் கியரில், மிதிக்காமல் விட்டதும் வண்டி மெல்ல ஊர்ந்து மேலே வந்தது.

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளியது. ஜிப்சியின் எடை சுமார் 1,000 கிலோ. ஆளும் மூட்டையும் சேர்த்து 1,200 என்று வைத்தால், ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ. டயரில் 28 பிஎஸ்ஐ காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம். அப்படியானால் 300 கிலோவைத் தாங்க டயர் தரையில் 150 சதுர சென்டிமீட்டர் பதிந்தால் போதும். விரித்த கை ஒன்றின் அளவுதான் அது. காற்றை 14 ஆக்கினால் கணக்குப்படி இந்தப் பதிவு இரு மடங்காக வேண்டும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் நடப்பில் அதைவிடக் குறையும். பதிவு அகலத்தில் அவ்வளவாகக் கூடுவதில்லை, நீளத்தில்தான் கூடுகிறது. குனிந்து பார்த்தால் டயரின் அடி தட்டையாகி, முன்னும் பின்னும் நீண்டு கிடப்பது தெரியும்.

இனி மண்ணின் பக்கம் வருவோம். மண் சக்கரத்துக்குப் பிடி கொடுப்பது இரண்டு வழிகளில். ஒன்று, மணலுக்கு மணல் உரசுவது. மேலே பாரம் ஏற ஏற இந்த உரசலும் ஏறும். அமராவதி ஆற்று மணலில் இதுதான் வேலை செய்கிறது. மற்றொன்று, களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் மிகுதி. அது தகடு தகடாக அடுக்கிய அமைப்பு. தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்ததும் மண் உப்பிக் குழைகிறது. குழைந்த களியில் மேலிருந்து வரும் பாரத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்வதால் உரசல் கூடுவதில்லை. எத்தனை மூட்டை ஏற்றினாலும் பிடி ஏறாது, புதைவுதான் ஏறும். அங்கே பிடி என்பது டயர் பதிந்த பரப்பையும் களியின் ஒட்டையும் பொறுத்தது. காற்றை இறக்கினால் பரப்பு கூடுகிறது. சேற்றில் புதைவு குறைவதும் பிடி கூடுவதும் ஒரே காரியத்தில் நடக்கிறது. எஞ்சின் பலத்தால் இதைச் செய்யவே முடியாது.

சக்கரம் கொஞ்சம் வழுக்கித்தான் இழுக்கும். அளவு தாண்டிச் சுழன்றால், ஒட்டியிருந்த மண் அறுந்து கூழாகிவிடும். மிதிக்க மிதிக்கக் குழி பறித்தது அதனால்தான்.

சக்கரம் மண்ணில் புதைவதைக் கணக்காக்கித் தந்தவர்களில் முதன்மையானவர் போலந்தில் பிறந்த பொறியாளர் பெக்கர். 1971-இல் அப்பல்லோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டியின் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயானின் ரோவர் என்ற ஆய்வு வண்டியை ஓட்டிப் பார்க்க நிலவு மண் செய்தார்கள். அந்தப் பொடியில் ரோவர் சந்தித்ததும் மஞ்சள் காட்டில் ஜிப்சி சந்தித்ததும் ஒரே கேள்விதான்: புதையாமல் நகர்வது எப்படி?

நான்கு சக்கர இயக்கம் என்ன தருகிறது? வண்டியின் முழு எடையும் இழுக்கும் சக்கரங்களின் மேல் இருக்கிறது. முன் சக்கரம் அமுக்கிய தடத்தில் பின் சக்கரம் லேசாக உருள்கிறது. ஆனால் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி இரு பக்கச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் பிரிக்கும். ஒரு பக்கம் சேற்றில் சும்மா சுழன்றால், மறுபக்கத்துக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். வரப்போரம் சாய்ந்து நிற்கும் வண்டி நான்கு சக்கர இயக்கம் இருந்தும் நகராதது இதனால். 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னி ஜீப், சுழலும் சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போட்டு விசையை மறுபக்கம் தள்ளுகிறது. பழைய வண்டிக்கு, இரு பக்கச் சக்கரங்களையும் பூட்டி ஒன்றாகச் சுழல வைக்கும் லாக்கர் பொருத்தலாம். காசு செலவழிப்பதானால் இதற்குத்தான் செலவழிக்கச் சொல்வேன்.

அகல டயர் எல்லா இடத்துக்கும் ஆகாது. நெல் வயலில் உழவுக்குக் கீழே கெட்டித் தளம் இருக்கும், அங்கே ஒடுங்கிய டயர் சேற்றைக் கிழித்துத் தளத்தைத் தொடும். அடி தெரியாத சகதியில்தான் அகலம் உதவும். பெரிய டயருக்காக வண்டியின் அமைப்பை மாற்றுகிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

எனக்கு வண்டியைவிட மண்மேல்தான் கவலை. மஞ்சள் கிழங்கு பருக்க மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். சக்கரம் முதல்முறை ஓடும்போதே மண் பெரும்பாலும் இறுகிவிடுகிறது. அதனால் காடெல்லாம் சுற்றாமல் ஒரே தடத்தில் போய் வருகிறோம். காற்றை இறக்கினால் மேல்மண் தப்பும். அடிமண் இறுகுவது அச்சின் மேல் உள்ள மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. அங்கே சின்ன வண்டி என்பதே பெரிய உதவி.

காற்று பாதிக்கும் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. காற்று இறங்கிய டயரோடு தார் ரோட்டில் ஓடினால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கலாம். ஆகவே இட்டேரி மண்பாதை முடியும் இடத்திலேயே நிறுத்தி, பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரஸரால் மறுபடி 28-க்கு ஏற்றுகிறோம். அது ஏறுகிற நேரத்தில் மச்சான் டயர் இடுக்கில் அப்பிய சேற்றைக் களைக்கொத்தால் சுரண்டிவிடுவான். பின்னால் மொபெட்டில் பால்கேனோடு வருகிறவர்கள் அந்தச் சேற்றில் சறுக்கிவிடக் கூடாது.