போர்ஷியா என்கிற பூவரசு

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் வீடு கட்டித் தோட்டம் போடுகிறவர்கள், உப்புக் காற்றைத் தாங்குகிற பூமரம் வேண்டுமென்று நர்சரியில் கேட்டால், 'போர்ஷியா' என்று சீட்டு ஒட்டிய கன்றைக் கொடுப்பதுண்டு. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று பிறகு தேடுகிறார்கள். பூவரசு. வாய்க்கால் கரையிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் நிற்கிறதே, அதே மரம்தான். இன்னும் சொன்னால், போர்ஷியா என்ற பெயரே பூவரசிலிருந்து பிறந்ததுதான்.

பேச்சில் பூவரசைப் 'பூரசு' என்று சுருக்குகிறோம். ஐரோப்பியர் காதில் விழுந்ததும் இந்தச் சுருக்கமாகவே இருந்திருக்கும். 1742இன் பிரெஞ்சுப் பாதிரிமார் கடிதம் ஒன்று, துணியை விரித்துப் போடும் கட்டை பெரும்பாலும் 'போர்ஷி' மரத்தில் செய்தது என்கிறது. ஆங்கிலேயர் வாயில் அது போர்ஷியா ஆயிற்று. ஆங்கில நாடகத்தில் வரும் பெண்ணின் பெயருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இது தமிழ்ச் சொல்லின் திரிபு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் ஏ. சி. பர்னெல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர்.

அந்த அகராதி தந்த பொருள் 'பூக்களின் அரசன்'. இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்க நன்றாயிருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. பூ + அரசு, நடுவில் வகர உடம்படுமெய் சேர்ந்து பூவரசு. இங்கே அரசு என்பது குளத்தங்கரையில் பிள்ளையாரோடு நிற்கும் அரச மரம். பூவரசிலை ஒன்றையும் அரசிலை ஒன்றையும் கையில் வைத்துப் பாருங்கள். இரண்டும் இதய வடிவம், இரண்டுக்கும் நீண்ட காம்பு. அரசிலையின் நுனி மட்டும் வால்போல் நீண்டு தொங்கும், பூவரசில் அது சட்டென்று கூராகி முடிந்துவிடும். அரசு அத்தி இனம் என்பதால் அதன் பூ காய்க்குள்ளேயே மறைந்திருக்கிறது, கண்ணில் படுவதில்லை. இதுவோ கண்ணெதிரே பூக்கிறது. ஆக, பூக்கிற அரசு பூவரசு. அகராதியின் 1903ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தப் பொருளும் சேர்ந்தது.

அக்கம்பக்கத்து மொழிகளும் இதற்குச் சாட்சி. தெலுங்கில் இது கங்கராவி. ராவி என்றால் அரச மரம். இந்தியில் பாரஸ் பீப்பல், பீப்பலும் அரசுதான். 1753இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸும் இலையைப் பார்த்தே, தங்கள் ஊர் பாப்லர் மரத்தை நினைத்து 'பாபுல்னியஸ்' என்றார். இப்போதைய பெயர் தெஸ்பேசியா பாபுல்னியா. முன்பாதிக்குத் தெய்வீகமானது என்று பொருள். டஹிட்டித் தீவில் கோயிலடியில் இம்மரத்தை நட்டு வளர்த்ததால் வந்தது.

'துலிப் மரம்' என்று விற்கிறவர்களும் உண்டு. பூவின் வடிவத்தை வைத்து வந்த பெயர், நமக்குத் தேவையில்லை. புரசு வேறு மரம். புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த பலாசம் அது. பூரசு என்று பேச்சில் சொல்வதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பூவரசு பருத்தி, செம்பருத்தி, வெண்டைக் குடும்பம். காலையில் விரியும் பூ வெளிர் மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. பொழுது சாயச் சாய மஞ்சள் சிவந்து, மறுநாள் ஊதா கலந்த செந்நிறத்தில் வாடிக் கிடக்கும். அதனால் ஒரே கிளையில் இரண்டு நிறப் பூ இருப்பதுபோல் தெரியும். பிஞ்சைக் கீறினால் மஞ்சள் பால் வடியும். காயில் குச்சி செருகிப் பம்பரம் விடுவதும், இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதும் டெல்டாப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடலோரத்துக்கு இதைவிட இணக்கமான மரம் குறைவு. மணலிலும் உவர் மண்ணிலும் வரும், உப்புச் சாரல் இலையைக் கருக்காது. காய் கடலில் மிதந்துபோய்க் கரையேறி முளைக்கும் இனமல்லவா! வெயில் மட்டும் முழுசாக வேண்டும்.

நம் பக்கம் நடுவது 'போத்து' வைத்துத்தான். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை வெட்டி, மேல் முனையில் சாணி அப்பி, ஐப்பசி மழையில் ஊன்றினால் வேர்விட்டுவிடும். வேலிக்கு இது போதும். ஆனால் போத்தில் வந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. 2018இல் கஜா புயல் அடித்த கரை இது. வீட்டு வாசலுக்கு என்றால் விதைக் கன்றையே வாங்கச் சொல்வேன். விதையின் ஓடு கெட்டியானது, லேசாக உரசிவிட்டுப் போட்டால் சீக்கிரம் முளைக்கும்.

பக்கத்து வயலில் கோடைப் பருத்தி போடுகிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தியைக் கறைப்படுத்தும் சிவப்புப் பூச்சி பூவரசங்காயிலும் பிழைக்கும். அங்கே புன்னை வைக்கலாம். அதுவும் உப்புக் காற்றுக்கு அசையாது.