சூரைக் கப்பலின் பிடிப்புக் கணக்கு: கேப்டன் எழுதுவது எவ்வளவு சரி?

மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் சூரை இறக்கும் கப்பல் எதுவானாலும், எங்கே, எந்த மீனை, எவ்வளவு பிடித்தது என்று கணக்குக் காட்டியாக வேண்டும். விதியை வகுப்பது இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம். மொரீஷியஸ் அதில் உறுப்பு நாடு.

24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்கள் பதிவேடு வைத்திருப்பது கட்டாயம். அதைவிடச் சிறியதானாலும், சொந்த நாட்டின் பொருளாதார மண்டலத்தை (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை) தாண்டிப் பிடித்தால் எழுதத்தான் வேண்டும். நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகளைத் தொங்கவிட்டு மீன் பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில் கப்பல் எத்தனை கொக்கி போட்டது என்பதையும் குறிக்க வேண்டும்.

சரி, மீன் கூட்டத்தை வலையால் வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடிக் கப்பலில் எடையை எப்படி எழுதுகிறார்கள்? வலையில் சிக்கிய மீனைப் பெரிய கோரு வலையால் அள்ளி உள்ளே கொட்டுவார்கள். எத்தனை தடவை அள்ளினார்கள் என்பதை வைத்துக் கேப்டன் டன் கணக்குப் போடுவார். தராசே கிடையாது. மொத்த எடை ஓரளவு சரியாகவே வந்துவிடும். சிக்கல் இனம் பிரிப்பதில்தான். மீனைக் கூட்டுவதற்காகக் கடலில் மிதக்கவிடும் மிதவைக் கட்டைக்கு அடியில் வரிச்சூரையோடு மஞ்சள் துடுப்பு, பெருங்கண் சூரைக் குஞ்சுகளும் சேர்ந்தே திரியும். சின்னதில் மஞ்சள் துடுப்பும் பெருங்கண்ணும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். வயிற்றைக் கீறிப் பார்த்தால் பெருங்கண்ணின் ஈரலில் கோடுகள் தெரியும், மஞ்சள் துடுப்பின் ஈரல் வழுவழுப்பாக இருக்கும். ஓடும் கப்பலில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? பெருங்கண் குஞ்சுகள் பல நேரம் மஞ்சள் துடுப்புக் கணக்கிலோ வரிச்சூரைக் கணக்கிலோ போய்விடுகின்றன.

இதைச் சின்ன விஷயமென்று விட முடியாது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் பெருங்கண் சூரைக்கு ஆண்டுக்கு 80,583 டன் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இனமே மாறி எழுதப்பட்டால் அந்த வரம்புக்கு என்ன மதிப்பு?

அதனால்தான் துறைமுகத்தில் மறுபடி பார்க்கிறார்கள். வெளிநாட்டுக் கப்பல் 24 மணி நேரம் முன்னதாகவே தகவல் தர வேண்டும். ஆண்டில் நடக்கும் மீன் இறக்கத்திலும், ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மீனை மாற்றுவதிலும் குறைந்தது 5 சதவீதத்தைச் சோதிக்க வேண்டும். மாதிரி எடுப்பவர்கள் மீனை இனம் பிரித்து, நீளம் அளந்து, அதிலிருந்து எடையைக் கணக்கிடுவார்கள். அதைக் கொண்டு பதிவேட்டின் இன விகிதத்தைத் திருத்துவார்கள். ஓர் ஆண்டின் கணக்கை நாடு அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆயிரங்கால் தூண்டிலுக்கு மட்டும் இறுதிக் கணக்கு டிசம்பர் 30 வரை.

துறைமுகத்தில் மீன் இறக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: மாதிரி எடுத்து முடியும்வரை கப்பலின் ஒரு சேமிப்புத் தொட்டி மீனை இன்னொரு தொட்டி மீனோடு கலக்காதீர்கள். கலந்துவிட்டால் அது எந்தக் கடற்பகுதியில் பிடித்த மீன் என்று அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது.